வெளுத்துப்போன பழைய கார் பெயிண்ட்: சுரண்டுவதற்கு முன்னால் எண்ணெய்

பல வருஷம் ஷெட்டில் கிடந்த அம்பாசடரையோ பத்மினியையோ ஹெரால்டையோ வெளியே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால், அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா சுரண்டிப் போட்டு புதுசா அடிச்சிரலாங்க, பளபளன்னு ஆயிரும்" என்று சொல்லாமல் போக மாட்டார். சொல்பவர் பெயிண்டராக இருந்தால் அது அவர் தொழில், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மேலே சாம்பல் பூத்திருக்கிறது என்பதற்காக அடியில் இருப்பதும் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பங்களா ஷெட்டுகளிலும் ஹட்டி (படகர் ஊர்) வீட்டு வாசல்களிலும் கிடக்கிற வண்டிகள் நிறையவற்றில் நல்ல நிறம் அடியில் இன்னும் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர ஸ்ப்ரே கன் தேவையில்லை. வரிசை மாறாமல் வேலை செய்தால் போதும்: கழுவு, எண்ணெய் விடு, அப்புறம்தான் பாலிஷ். எல்லோரும் முதலில் கை வைப்பது அரைப்புத் துகள் கலந்த ரப்பிங் கம்பவுண்டில்தான், பெயிண்ட் வீணாவதும் அங்கேதான்.

பழைய வண்டியின் பெயிண்ட் இன்றைய கார் பெயிண்ட் மாதிரி இல்லை. இப்போதெல்லாம் நிறத்துக்கு ஒரு கோட், அதற்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று. வெயிலும் மழையும் அந்தக் கிளியரில்தான் விழும். கிளியர் கோட் உலகத்திலேயே 1980களில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே கோட்டில். நைட்ரோசெல்லுலோஸ், அதாவது பெயிண்டர்கள் சொல்லும் என்சி, இல்லாவிட்டால் சிந்தடிக் எனாமல். நிறப்பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை வெயிலில் நேரடியாக அடி வாங்கி, மேல் பரப்பில் மட்டும் சிதைந்து போகிறது. பொடி மட்டும் மிஞ்சுகிறது. பானெட்டில் கையைத் தேய்த்தால் கரும்பலகையைத் துடைத்த கை மாதிரி ஆவது அதனால்தான்.

மலையில் இது இன்னும் வேகம். குளிர்ச்சியாக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்போம். புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு பனிமூட்டம், ராத்திரியெல்லாம் ஈரம், காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் மறுபடி மூட்டம். இந்த நனைந்து காயும் சுழற்சிதான் பெயிண்டைத் தின்கிறது. வானத்தைப் பார்த்த பாகங்கள், அதாவது டாப், பானெட், டிக்கி, மட்கார்டின் மேல் வளைவு, இவை முதலில் போகும். கதவுகள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். உங்கள் வண்டியின் உண்மையான நிறம் தெரிய வேண்டுமானால் கதவைத் திறந்து உள் விளிம்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் டிக்கி மூடியின் உள்பக்கம். போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

சரி, உங்கள் வண்டியில் இருப்பது ஒரே கோட் பெயிண்டா என்று எப்படித் தெரியும்? மாடலை வைத்துச் சொல்ல முடியாது. அம்பாசடர் 1958 முதல் 2014 வரை வந்த வண்டி. நடுவில் எத்தனை பேர் எத்தனை பெயிண்ட் அடித்தார்களோ. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒரே கோட். ஏறாமல் வெறும் அழுக்கு மட்டும் வந்தால் மேலே கிளியர் இருக்கிறது, இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. வண்டியே வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணியில் பாருங்கள். என்சியா எனாமலா என்றும் தெரிய வேண்டுமானால், என்சி தின்னரில் நனைத்த பஞ்சை டிக்கிக்குள் ஒரு மூலையில் ஒற்றிப் பிடியுங்கள். என்சி என்றால் கரைந்து பஞ்சோடு வரும். எனாமல் அப்படிக் கரையாது, பொங்கிச் சுருங்கலாம். இதனால்தான் பெயிண்ட் மேல் தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது என்கிறேன். ஒரே துடைப்பில் தகடு தெரிந்துவிடும்.

எல்லா வண்டியும் மீளாது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெயிண்ட் குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, விரல் நகம் விரிசலில் மாட்டினால், எந்த எண்ணெயும் அதை ஒட்டவைக்காது. கொப்புளம் இருந்தால் அடியில் துரு. அடிக் கோட்டான கிரே பிரைமரோ ரெட் ஆக்சைடோ எட்டிப் பார்க்கும் இடத்தில் மீட்க ஒன்றுமில்லை, அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் தொடும் டச்சப்தான். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தடிமனாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள், அங்கே அழுத்தித் தேய்க்காதீர்கள். மெட்டாலிக் நிறமாக இருந்தால் இரட்டைக் கவனம். ஒரே கோட் மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் நிறத்தோடு கலந்தே இருப்பதால், கொஞ்சம் அதிகம் தேய்த்தாலும் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம் ஏறும், அதை மறைக்க வழி கிடையாது. எண்ணெயோடு நிறுத்திவிட்டு மெழுகுக்குப் போய்விடுவதுதான் என் யோசனை.

எப்போது செய்வது என்பது இங்கே பாதி விஷயம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் தொடங்கி வடகிழக்கு. ஜனவரியில் உறைபனி இருக்கும்தான், ஆனால் பகல் வறண்டிருக்கும். தகடு தொட்டால் சில்லென்று இல்லாமல் ஆன பிறகு, ஒரு பத்து மணி வாக்கில் ஆரம்பித்து, மூன்று மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிடுங்கள். வெயிலில் நேரடியாக வேண்டாம், ஷெட்டுக்குள் அல்லது நிழலில். தகர ஷெட் என்றால் மேலே பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிக் குளிரில் தகரத்தின் அடியில் வேர்த்து, காலையில் சொட்டுச் சொட்டாக டாப் மேல் விழும். ஒரு பழைய போர்வையைக் கூரைக்கடியில் கட்டிவிட்டால் தீர்ந்தது.

கழுவுவதில் அவசரம் கூடாது. மலையில் கிடந்த வண்டியில் அழுக்கு மட்டுமா இருக்கும்? கண்ணாடி பீடிங் ஓரமெல்லாம் பாசி, டாப்பைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாய்க்காலில் சில்வர் ஓக் இலை மக்கி மண்ணாகி அதிலே ஒரு செடியே முளைத்திருக்கும், பானெட்டில் காசு அளவுக்குச் சாம்பல் பச்சையாகக் கல்பாசித் திட்டு. இந்தத் திட்டைக் காய்ந்தபடி நகத்தால் சுரண்டினால் பெயிண்டும் கூடவே வரும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், ஊறி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வாய்க்காலுக்கும் பீடிங்குக்கும் ஈர்க்குச்சியும் பழைய டூத் பிரஷும் போல எதுவும் வராது. இரும்பு ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போகாதீர்கள். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவற்றையும் ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைத்துக் கதவுக்குள் தண்ணீர் நிற்பதால்தான் கதவு கீழ் விளிம்பு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டும் பிரயோஜனமில்லை.

வாட்டர் வாஷ் கடையில் விட்டு பிரஷர் அடிக்க வேண்டாம். எங்கேயாவது ஒரு மூலை தூக்கியிருந்தால் அந்த வேகத்தில் பட்டை பட்டையாக உரியும். வாளித் தண்ணீர், கார் ஷாம்பூ, மெத்தென்ற துணி. தைல மரத்துப் பிசின் ஒட்டியிருந்தால் டர்பன்டைன் தொட்ட துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, உடனே சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். இங்கே ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் அதிர்ஷ்டம், கீழே போர்வெல் தண்ணீரில் கழுவினால் படியும் வெள்ளைப் புள்ளித் தொல்லை அவ்வளவு இருக்காது.

கழுவி முடித்ததும் வண்டி ஈரமாக இருக்கும்வரை அழகாகத் தெரியும். காய்ந்தால் முன்னைவிட மோசம். பயப்பட வேண்டாம். அந்த ஈர நிறத்தை நிலையாக வைக்கத்தான் அடுத்த வேலை.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்று வரம்பு வைத்த 2016 விதிகளே வீட்டு பெயிண்டுக்கானவை, கார் பெயிண்டுக்கு அல்ல. அதனால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கும் வேலையே கிடையாது. எதுவானாலும் ஈரத்தோடு அல்லது எண்ணெயோடு. கையுறை, மாஸ்க், வேலை முடிந்ததும் கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடக்கூடாது, குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. துடைத்த துணியை வீட்டு வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

இப்போது எண்ணெய். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து துடைத்தால் பளபளக்கும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். பளபளக்கும், இரண்டு நாளைக்கு. அப்புறம் ரோட்டுத் தூசியெல்லாம் அதில் வந்து உட்காரும், ரப்பர் பீடிங்கும் ஊதிப் போகும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டியில் பாட்டிலைச் சாய்த்தால் வெளியே வரக்கூட வராது. வந்தாலும் நாளடைவில் சிக்கு வாடை. ஆளி விதை எண்ணெய் காய்ந்து பிசுபிசுத்து மஞ்சளிக்கும். வாங்க வேண்டியது கார் பெயிண்டுக்கென்றே உள்ள கிளேஸ்: அரைக்கும் துகள் இல்லாதது, எண்ணெய்ச் சத்து நிறைந்தது. மெகுவையர்ஸ் நம்பர் 7 இதற்குப் பேர்போனது. அது கிடைக்காவிட்டால் "அரைப்புத் துகள் இல்லை, பழைய ஒரே கோட் பெயிண்டுக்குப் போடலாம்" என்று போட்டிருக்கிற எந்த கிளேஸும் சரி. சிலிகான் கலந்த ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். பின்னால் ஓர் இடத்தில் டச்சப் அடிக்க நேர்ந்தால் புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழி குழியாக விலகும்.

துணிக்கு மைக்ரோ ஃபைபரைவிட தேங்காய்ப்பூத் துண்டுதான் இங்கே நல்லது. அந்தப் பூப்பூவான நூல்தான் எண்ணெயை உள்ளே தள்ளும். குளிரில் கிளேஸ் கெட்டியாக இருக்கும், பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வையுங்கள். பானெட்டில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தாராளமாக, சொட்டச் சொட்ட ஊற்றி, உள்ளங்கை பலத்தோடு தேய்த்து ஏற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் துண்டு முழுக்க நிறம் ஏறிவிடும், மெரூன் வண்டி என்றால் ரத்தக் களரி மாதிரி இருக்கும். அது செத்த மேல்தோல். வரட்டும். உலர்வாகத் தேய்த்திருந்தால் அதே பொடி கீறல் போட்டிருக்கும், எண்ணெயில் மிதந்து வருவதால் கீறாமல் வருகிறது.

பெயிண்ட் எண்ணெயைக் குடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை ஊற்றியது சில நிமிஷத்தில் மங்கிவிடும், மறுபடி ஊற்றுங்கள். மேலே ஈரமாக ஒரு படலம் தங்கும்வரை ஊற்றிவிட்டு அப்படியே ராத்திரி முழுக்க, முடிந்தால் 24 மணி நேரம், விட்டுவிடுங்கள். மறுநாள் பழைய பனியன் துணியால் துடைத்துப் பாருங்கள். திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டையில் வாங்கினால் அதில் தையல் விளிம்பு, பட்டன் எதுவும் இல்லாத துண்டாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நிறம் ஓரளவு எழும்பியிருக்கும், ஆனால் திட்டுத் திட்டாக. இன்னொரு முறை. ரொம்ப வறண்ட டாப்புக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். கதவுகளுக்குப் பெரும்பாலும் ஒன்றே போதும்.

இதனால் சிதைந்த பசை மறுபடி உயிர் பெறுவதில்லை, அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். மேல் பரப்பு நுண்ணிய ஓட்டைகளோடு இருப்பதால்தான் வெளிச்சம் சிதறி வெளிறித் தெரிகிறது. எண்ணெய் அந்த ஓட்டைகளை நிரப்புகிறது, நிறம் ஆழமாகத் தெரிகிறது. அதைவிட முக்கியம், அடுத்து பாலிஷ் போடும்போது பெயிண்ட் பொடிந்து கொட்டாமல் வழவழப்பாக அறுபடும். எண்ணெய் ஏற்றிய பெயிண்டில் அரைவாசி உழைப்பில் பளபளப்பு வரும், பெயிண்டும் குறைவாகவே போகும். சில வண்டிகளுக்கு இந்தக் கட்டத்தோடேயே போதும் என்று தோன்றும். தோன்றினால் நிறுத்திவிடுங்கள், மெழுகுக்குப் போங்கள்.

மேலே போக வேண்டும் என்றால் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். ஆலையில் அடித்த பெயிண்ட், பிரைமரோடு சேர்த்தே, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கும், அதிலும் எத்தனையோ வருஷத் தேய்ப்பில் ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கும். எனவே மெல்லிய பாலிஷிலிருந்து ஆரம்பியுங்கள், டிக்கி நடுவில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தில். அது போதாவிட்டால் மட்டும் ஒரு படி கரடான கம்பவுண்ட். கையால் செய்வது மெதுவானாலும் மன்னிக்கும். மெஷின் என்றால் இரட்டைச் சுழற்சியுள்ள டிஏ பாலிஷர், நுரைப் பேட், குறைந்த வேகம். டிங்கர் கடைகளில் இருக்கும் ரோட்டரியும் கம்பளிப் பேடும் பழகிய கைக்கு மட்டும். ஓரத்தில் ஒரு நொடி நின்றால் தகடு தெரியும்.

ஓரங்களுக்கு முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். கதவு விளிம்பு, பானெட் நடுக்கோடு, அம்பாசடரின் மட்கார்டு முகடு, ஹெரால்டின் பின்பக்கக் கூர் விளிம்பு, எங்கெல்லாம் தகடு மடங்குகிறதோ அங்கெல்லாம் பெயிண்ட் மெல்லிசு. கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு அந்த விரலகலத்தைக் கையால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். பேடில் நிறம் ஏறுவது சகஜம், அடிக்கடி பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் எடுத்த பொடியையே திருப்பித் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். நிறுத்த வேண்டிய அடையாளம் பேடில் வரும் நிறம் மாறுவது: நீல வண்டியில் சாம்பல் வந்தால் பிரைமர். மெரூன் வண்டிக்காரர்களுக்குத்தான் சிக்கல், ரெட் ஆக்சைடும் மெரூனும் கிட்டத்தட்ட ஒரே சாயல். ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயிண்ட் வெளிச்சத்தைத் திருப்பும், பிரைமர் மந்தமாக விழுங்கும்.

எல்லாக் கீறலையும் எடுக்கப் பார்க்காதீர்கள். குரங்கு சறுக்கிய கோடு, தேயிலைச் செடி உரசிய கோடு, எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்தடி தள்ளி நின்றால் தெரியாததற்கு மீதமிருக்கும் பெயிண்டைச் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

டச்சப் தேவைப்படும் இடங்களில் துருவைச் சுரண்டி, துரு மாற்றி திரவம் தொட்டு, பிரைமர், அப்புறம் நிறம். பாலிஷ் எல்லாம் முடித்த பிறகு நிறம் கலக்கச் சொல்லுங்கள். வெளுத்த நிறத்துக்குக் கலந்து வாங்கினால் பிறகு பொருந்தாது. அந்த இடத்தை மட்டும் எண்ணெய் போகத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும். என்சி பெயிண்டை ஈர நாளில் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பால் மாதிரி வெள்ளை பூத்துவிடும். மலைப் பெயிண்டர்களுக்கு இது தெரிந்த சங்கதி, ரிட்டார்டர் தின்னர் கலப்பார்கள். நீங்கள் செய்தால் வறண்ட மத்தியானமாகப் பார்த்து, சின்ன பிரஷால், மெல்லிய கோட்டுகளாக.

கடைசியில் மெழுகு. வீடியோக்களில் பாலிஷுக்குப் பிறகு ஆல்கஹால் அடித்துத் துடைக்கச் சொல்வார்கள். கிளியர் கோட்டுக்கு அது சரி, இங்கே ஏற்றிய எண்ணெயையே எடுத்துவிடும். செராமிக் கோட்டிங்கும் அதே காரணத்தால் வேண்டாம், அதற்கு எண்ணெயே இல்லாத பரப்பு வேண்டும், கோவைக்குக் கொண்டுபோனால் போடலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கார்னோபா பேஸ்ட் மெழுகு போதும். வெண்ணெய் தடவுவது போல அப்பாமல், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிசாக. குளிரில் காய நேரமெடுக்கும். விரலால் ஓர் இழுப்பு இழுத்து, கோடு சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் காத்திருங்கள். மூட்டம் இறங்கிவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் வெயில் வந்ததும் நிழலில் துடையுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று மெழுகு போட்டால் நிறம் நிற்கும். மங்குவது போலத் தெரிந்தால் கம்பவுண்டை எடுக்காமல் ஒரு கை கிளேஸ், மேலே மெழுகு. பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள்; உள்ளே வேர்த்து, பெயிண்ட் கொப்புளிக்கும், காற்றில் அது உரசும் இடமெல்லாம் தேயும். காற்றுப் போகும் துணிக் கவர் வாங்குங்கள், வண்டி முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் போடுங்கள், வாரத்துக்கு ஒருநாள் வெயில் இருக்கும்போது கழற்றிக் கதவுகளையும் திறந்து வையுங்கள்.